பச்சை குத்தினால்தான் மலைக்காரனா?

நம் குண்டனி நாட்டுப் பிள்ளைகள் சிலர் முன்கையில் வில்லும் அம்பும் குத்திக்கொண்டு திரிகிறார்கள். கேட்டால் "இது எங்க அடையாளம், அழியாது" என்கிறார்கள். டாட்டூ என்று பேர் மாற்றினாலும் அது பழைய பச்சை குத்துதான். ஊசி மாறியிருக்கிறது, மை மாறியிருக்கிறது, விலை ஏறியிருக்கிறது. போன ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேடு போனபோது ஒரு கடையில் கூட்டம் முண்டியது. கரும்புச்சாறு கடையோ பஜ்ஜிக் கடையோ என்று எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியிருக்க, இன்னொருவன் மின்சார ஊசியால் ஓரியின் படத்தை வரைந்துகொண்டிருந்தான். எழுத்துக்கு 50 ரூபாய், படத்துக்குத் தனி. ரத்தத்தைத் துடைத்த துணி எல்லாருக்கும் ஒரே துணி.

அந்த ஓரி படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முறுக்கு மீசை, விரிந்த மார்பு, சினிமாக் கதாநாயகன் போல ஒரு பார்வை. ஓரியை யார் பார்த்தது? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தினான் என்று புறநானூற்றுப் புலவர் வன்பரணர் பாடியிருக்கிறார். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதும் சங்கப் பாட்டில் இருக்கிறது. முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி கிடையாது. செம்மேட்டில் குதிரை மேல் நிற்கும் சிலையும் சிற்பியின் கற்பனைதான். சிலையென்றால் பரவாயில்லை, பிடிக்காவிட்டால் நாம் பார்க்காமல் போகலாம். கையில் இருப்பதைச் சோறு தின்னும்போதெல்லாம் பார்த்தாக வேண்டுமே.

இதை நான் எழுதக் காரணம் என் பேத்தி. வயது 19. நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான காவலர் தேர்வு எழுதிவிட்டு, ஓட்டத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள். விடியற்காலையில் பனி விலகுமுன் எழுந்து ஓடுகிறாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது: வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு வில், அதன் கீழே 'கொல்லிமலை' என்று எழுத்து. "தாத்தா, நான் யாருன்னு எங்க போனாலும் தெரியணும். சாகிற வரைக்கும் என்னோட இருக்கணும்" என்றாள். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அவள் அம்மா அழுதாள். அவள் மாமன், "காலம் மாறிப்போச்சு, விடுங்க மாமா" என்றான். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு என் கருத்தைச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். என்னோடு சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

முதலில் நம் வயதுக்காரர்களோடு ஒரு சண்டை. "நம்ம சாமிக்கு பச்சை ஆகாது, குத்தினவனைக் கோயிலுக்குள்ள விடக்கூடாது" என்று சிலர் கிளம்பியிருக்கிறீர்கள். என் அப்பாயியும் அப்படித்தான். பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சுமையோடு இறங்கிப் போகும்போது அங்கே குறத்திகள் கீழ்நாட்டுப் பெண்களுக்குப் பச்சை குத்துவதைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாராம். எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருத்தி அடிவாரத்தில் கூலி வேலைக்குப் போன இடத்தில், கூட வேலை செய்த பெண்களைப் பார்த்து ஆசைப்பட்டு முன்கையில் ஒரு தேளும் நான்கு புள்ளிக் கோலமும் குத்திக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அவரைச் சாமி இருக்கும் வீட்டுக்குள் விடவில்லை. நோம்பி நாளில்கூட திண்ணையில் உட்காரவைத்து இலை போட்டார்கள். சிறுவனாக நான் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மறு கையால் வாங்குவார். ஒரு தேளுக்காக முப்பது வருடம். எந்தச் சாமி அப்படிக் கணக்குப் பார்க்கும்? மாசி பெரியண்ணன் இத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு யார் கையில் என்ன கோடு இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டா இருக்கிறார்? ஆகவே சாமியின் பேரைச் சொல்லி நான் பேத்தியைத் தடுக்கவில்லை. தடுக்கவும் விடமாட்டேன். பிள்ளைகள் குத்திக்கொண்டு வந்துவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது, வாசலில் நிறுத்தாதீர்கள்.

இனி பிள்ளைகளோடு.

"பச்சை குத்துவது நம்ம தமிழர் பண்பாடுதானே" என்கிறார்கள். கீழ்நாட்டில் இருந்தது உண்மை. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியை வழித்துத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து மை செய்வார்கள். கோலம், மீன், தேள், பிறகு எழுத்துப் படித்த காலத்தில் புருஷன் பேர். செத்தால் கூட வரும் நகை இது ஒன்றுதான் என்று கிழவிகள் சொல்வதுண்டு. நீலகிரியில் தோடர் பெண்கள் புள்ளி குத்திக்கொண்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் பைகா பெண்கள் உடம்பெல்லாம் குத்திக்கொண்டார்கள். நாகாலாந்தில் கொன்யாக் வீரர்கள் முகத்திலேயே குத்திக்கொண்டார்கள். அங்கேயெல்லாம் எதைக் குத்துவது, எப்போது குத்துவது, யார் குத்துவது என்று ஊர்தான் தீர்மானித்தது. பெண் பிள்ளைக்கு இந்த வயதில் இந்தப் புள்ளி, போரில் வென்றவனுக்கு இந்தக் கோடு. அதில் 'என் விருப்பம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊர் போட்ட முத்திரையை எடுத்து "என் மனசை நான் காட்டுகிறேன்" என்று மாட்டிக்கொள்வது இரவல் சட்டைதான். அதிலும் நம் மலையில் அந்த வழக்கமே இல்லாதபோது, இல்லாத வழக்கத்தைக் காட்டி 'மலை அடையாளம்' என்பது எனக்குச் சிரிப்பாக வருகிறது. என் அப்பாயி கேட்டிருந்தால் உலக்கையை எடுத்திருப்பார்.

சங்க காலத்தைத் துணைக்கு இழுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதிக்கொண்டார்கள். சந்தனக் குழம்பால் வரைவது. குளித்தால் போய்விடும். மறுபடி எழுத ஆள் வேண்டும், எழுதும் நேரம் வேண்டும், எழுதுகிறவனுக்கு ஆசை இருக்க வேண்டும். மருதாணியும் அப்படித்தான், பத்து இருபது நாளில் மங்கி, அடுத்த விசேஷத்துக்கு மறுபடி அரைக்கச் சொல்லும். நிலைத்து நிற்க வேண்டியதை அவர்கள் கல்லில் வெட்டினார்கள். நடுகல்லில் பேரும் பெருமையும் எழுதினார்கள், அதுவும் ஆள் செத்த பிறகு. அதில் ஒரு புத்தி இருக்கிறது. முழு வாழ்க்கையும் முடிந்த பிறகுதானே அவனைப் பற்றி அழியாத ஒரு வரி எழுத முடியும்? 19 வயதில் என்னத்தைத் தெரிந்துகொண்டு எழுதுவது?

இந்த இடத்தில் அரசியலைத் தொடாமல் இருக்க முடியவில்லை. 1970களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே சிலர் ஒப்பவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் குத்திக்கொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் பிறகு வேறு கட்சிக்குப் போய் முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள் என்பது நம் தலைமுறைக்குத் தெரியும். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் 68ஆவது பிறந்தநாளுக்காகச் சென்னையில் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நிகழ்ச்சியில் அவர் படத்தைக் குத்திக்கொண்டார்கள். வலியில் அழுதவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அந்த அம்மையார் இறந்துபோனார். சில வாரங்களில் கட்சி இரண்டானது. கையில் இருந்த படம் எந்த அணியைச் சேர்ந்தது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அன்பை ஒரு கூட்டம் எண்ணிக்கைக்காகப் பயன்படுத்திக்கொண்டது. செம்மேட்டுக் கடையிலும் எண்ணிக்கைதான் வியாபாரம்.

வேறு வகையிலும் இந்த ஊசி பயன்பட்டிருக்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னை, வங்காள மாகாணங்களில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 1849இல்தான் அதை நிறுத்தினார்கள். விடுதலையாகி வந்தாலும் நெற்றி விடுதலையாகாது. ஐரோப்பாவில் ஹிட்லரின் ஆட்கள் ஆஷ்விட்ஸ் முகாமில் யூதர்களின் கையில் எண் குத்தினார்கள். அழியாமல் எழுத வேண்டும் என்ற ஆசை எழுதப்படுகிறவனுக்கு இருந்ததைவிட, எழுதுகிறவனுக்குத்தான் அதிகம் இருந்திருக்கிறது.

'அழியாது' என்பதன் பொருளையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுத்தோல் வந்துகொண்டே இருக்கிறது. ஊசி அதைத் தாண்டி அடித்தோலில் மையை வைக்கிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, காவல் செல்கள் வந்து விழுங்குகின்றன. விழுங்கிய செல் கரைக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. பிரான்சில் எலிகளை வைத்துச் செய்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்தச் செல் செத்ததும் அது விட்ட மையை அடுத்து வரும் செல் விழுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது நம் அழகுப்படம் என்பது உடம்புக்கு முடியாத வழக்கு, வாரிசுகள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். லேசர் வைத்து அழிக்கலாம் என்பார்கள். ஒரு தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். குத்தியதைப்போலப் பல மடங்கு செலவு. அப்போதும் சில நிறங்கள் சுவடு விட்டுத்தான் போகும். ஊசி சுத்தமில்லாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்குப் போகும். அதனால்தான் பச்சை குத்திக்கொண்டவரிடம் ஓர் ஆண்டுக்கு ரத்த தானம் வாங்கக்கூடாது என்று நம் நாட்டு விதி இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் ஊரில், பிரசவத்துக்கு ரத்தம் கேட்டு இளவட்டங்களைத்தான் வண்டியில் ஏற்றுகிறோம். விழா முடிந்த மாதத்தில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனால் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவார்களோ.

பேத்தியின் விஷயத்தில் இதைவிட முக்கியமானது வேலை. மத்தியக் காவல் படைகளில் பச்சை குத்தியவர்களுக்கென்று தனி விதி இருக்கிறது. பேரோ சமயச் சின்னமோ உருவமோ இருக்கலாம், ஆனால் இடது முன்கையின் உட்பக்கத்திலோ புறங்கையிலோதான் இருக்க வேண்டும். முன்கையென்றால் இடதுதான், ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கும் கை. அளவும் அந்த உறுப்பில் கால் பாகத்துக்குள் இருக்க வேண்டும். பேத்தி கேட்டதோ வலது கை, மணிக்கட்டு முதல் முழங்கை வரை. எழுதித் தேறி, ஓடித் தேறி, கடைசியில் டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லும்போது வீட்டுக்கு வர வேண்டியதுதான். ராணுவத்தில் பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி குத்திய பச்சைக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். நாம் அதைக் கேட்க முடியாது. வழக்கம் இருந்தால்தானே விலக்கு? இல்லாத வழக்கத்துக்கு எந்த அதிகாரியிடம் போய்ச் சான்று வாங்குவது?

உயரக் கணக்கையும் சொல்கிறேன். இந்த வேலைக்குப் பொதுவாகப் பெண்கள் 157 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பழங்குடிப் பெண்களுக்கு 150 போதும். என் பேத்தி 152. அந்த இடைவெளியைத் தாண்ட வைப்பது ஓரியின் வில் கிடையாது, 'மலையாளி' என்று எழுதிய ஒரு சாதிச் சான்றிதழ். அதற்காக எத்தனை முறை மலை இறங்கி ஏறினோம் என்பது அவளுக்கும் தெரியும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அதே பேச்சு, அதே வாழ்க்கை. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த பட்டியலில் மலையாளி என்பதற்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சி என்று மாவட்டங்களை எழுதியதில் அவர்கள் மாவட்டம் இல்லை. பல பத்தாண்டுகளாக அந்த ஒரு காகிதத்துக்காகப் போராடி வருகிறார்கள். அந்த மலைப் பிள்ளைகள் உடம்பு முழுக்க 'மலையாளி' என்று குத்திக்கொண்டாலும் அவர்களுக்கு அந்த 7 சென்டிமீட்டர் கிடைக்காது. யார் என்று தெரிய வேண்டும் என்றால் பிள்ளைகள் அங்கே போய்க் கத்தலாம், மனு எழுதலாம். தோலில் எழுதியதைப் படித்து எந்த அரசாங்கமும் எதையும் கொடுத்ததில்லை.

நான் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். மாற்றுச் சான்றிதழில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும். சட்டைக் காலரை விலக்கி, முழங்காலைப் பார்த்து, 'வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு' என்று எத்தனை நூறு பேருக்கு எழுதியிருப்பேன். தழும்புக்கெல்லாம் கதை இருக்கும். ஒருவன் பலா மரத்திலிருந்து விழுந்தது, ஒருத்திக்கு மிளகு பறிக்கும் ஏணி சறுக்கியது, இன்னொருவன் கேழ்வரகு அறுக்கும்போது அரிவாள் பட்டது. அடையாளம் என்று பேத்தி கேட்கிறாளே, அவளுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறது. நாலு வயதில் காப்பிக் களத்தில் ஓடி விழுந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொல்லிமலையை இதைவிடத் தெளிவாக யார் எழுதப் போகிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். "அது நானா எழுதிக்கிட்டதில்லையே தாத்தா" என்றாள். கெட்டிக்காரி. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் என் கட்சியை விட்டுவிட மாட்டேன்.

ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டில், சீக்குப்பாறைக் காட்சி முனையில், சில்வர் ஓக் மரப்பட்டையில், எங்கே பார்த்தாலும் சுற்றுலா வந்தவர்கள் தங்கள் பேரைக் கீறிவிட்டுப் போகிறார்கள். 'ராஜா ♥ பிரியா'. அதைப் பார்த்துத் திட்டுகிற நம் பிள்ளைகள்தான் தங்கள் தோலில் அதையே செய்துகொள்கிறார்கள். மரமாவது பட்டை உரித்துத் தள்ளும்.

நான் பேத்திக்குச் சொன்னது இவ்வளவுதான்: மருத்துவப் பரிசோதனை முடிந்து, பயிற்சி முடிந்து, முதல் சம்பளம் வாங்கு. 25 வயது ஆகட்டும். அப்போதும் அதே வில் வேண்டும் என்று தோன்றினால், இடது கையில், விதிக்குள் அடங்குகிற அளவில், புது ஊசி உறையைக் கண்முன் பிரிக்கிற இடத்தில் போய்க் குத்திக்கொள். நான் உயிரோடு இருந்தால் கூட வருகிறேன். அவள் இன்னும் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவள் தோழிகள் இரண்டு பேர் குத்திக்கொண்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவள் கை, அவள் முடிவு. விழாக் கடை அப்படியில்லை, அது ஊர் விஷயம். அடுத்த ஆடி 17, 18க்குள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பச்சை குத்தும் கடைக்கு இடம் கொடுப்பதானால், சுகாதாரத் துறை ஆள் வந்து ஊசியையும் மையையும் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குத்தக்கூடாது, படை வேலைகளுக்கான விதியைத் தமிழில் பெரிதாக எழுதிக் கடை முன்னால் மாட்ட வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். இதுவரை 31 கையெழுத்து. இன்னும் வேண்டும். குண்டனி நாட்டில் இருப்பவர்கள் என் வீட்டுக்கே வரலாம். மற்ற நாட்டுக்காரர்கள் சோளக்காட்டுச் சந்தையன்று என்னைப் பார்க்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள், அதுவரைக்கும் மிளகு காயப் போட்ட களத்தில் இருப்பேன்.